கீமோவுக்குப் பணம்: எந்தக் கதவை முதலில் தட்டுவது?

பயாப்சி ரிப்போர்ட் கைக்கு வரும் அன்று வீட்டில் யாரும் பணத்தைப் பற்றிப் பேசுவதில்லை. மருத்துவமனை எஸ்டிமேட் தாளைக் கொடுக்கும்போதுதான் அந்தப் பேச்சு ஆரம்பிக்கும். அறுவை சிகிச்சை, ஆறு கீமோ, இருபத்தைந்து ரேடியேஷன், நடுவில் ஸ்கேன்கள் என்று எழுதி அடியில் ஒரு தொகை போட்டிருப்பார்கள். பெரியவர்கள் வீட்டில் எத்தனை பவுன் இருக்கிறது என்று மனக்கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும்போது இளையவர் ஒருவர் போனை நீட்டுவார். "இதுல போட்டா பணம் வருது மாமா. இந்தப் பையனுக்கு முப்பது லட்சம் வந்திருக்கு, பாருங்க."

எங்கள் வீட்டில் அப்படிப் போனை நீட்டியவன் நான். சித்திக்கு மார்பகப் புற்றுநோய். அன்று இரவே இணையத்தில் நிதி திரட்டும் தளம் ஒன்றில் பக்கம் தொடங்கினோம். பக்கம் தொடங்கியதில் தவறில்லை. அதை முதல் வேலையாகச் செய்ததுதான் தவறு. சித்தியிடம் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தது. ரேஷன் கார்டோடு சேர்த்து ரப்பர் பேண்ட் போட்டு அலமாரியில் வைத்திருந்தார். நாங்கள் அவரைச் சேர்த்த தனியார் மருத்துவமனை அந்தத் திட்டத்தில் இல்லை. அதை விசாரித்துத் தெரிந்துகொள்ளவே இரண்டு வாரம் ஆனது. அதற்குள் அறுவை சிகிச்சை முடிந்துவிட்டது. நகையை அடகு வைத்துச் சித்தப்பா கட்டிய பணம் திரும்பி வராத பணமாகிவிட்டது. எங்கள் பக்கத்தில் கடைசிவரை சேர்ந்த தொகை அதில் பாதிகூட இல்லை.

அதன் பிறகு தெரிந்தவர்கள் பலர் இதே போன்ற தாளோடு வந்து யோசனை கேட்டிருக்கிறார்கள். அவர்களிடம் சொல்லும் வரிசையைத்தான் இங்கே எழுதுகிறேன். தமிழ்நாட்டில் இருக்கும் குடும்பத்தை மனத்தில் வைத்து எழுதியது இது.

காப்பீட்டு கவுன்ட்டர்

மக்கள் இன்னமும் கலைஞர் காப்பீடு என்று சொல்கிறார்கள். 2009இல் அந்தப் பெயரில் தொடங்கியது, 2012இலிருந்து முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக நடக்கிறது. 2018இல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோடு இணைந்தது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை. அட்டை இல்லாதவர்கள் நோய் வந்த பிறகும் சேரலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்று மூன்றையும் எடுத்துக்கொண்டு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் இதற்கென்று உள்ள மையத்துக்குப் போக வேண்டும். வழி தெரியாவிட்டால் 104 என்ற எண்ணில் கேட்கலாம்.

இந்தத் திட்டத்தின் உயிர்நாடி முன் அனுமதி. மருத்துவமனை முதலில் எழுதி, ஒப்புதல் வந்த பிறகே சிகிச்சை தொடங்கும். நீங்கள் கையிலிருந்து கட்டிவிட்ட பணத்தைப் பின்னால் ரசீது காட்டி வாங்கும் ஏற்பாடு இது அல்ல. வரிசையை நான் இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் இதுதான். நிதி திரட்டும் பக்கத்தை அடுத்த மாதமும் தொடங்கலாம். அனுமதி வாங்காமல் முடிந்த அறுவை சிகிச்சைக்கு அனுமதி வாங்க முடியாது. ஆகவே அட்வான்ஸ் கட்டும் முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: "இந்த மருத்துவமனை திட்டத்தில் இருக்கிறதா? இருந்தால், என் நோய்க்கான இந்தச் சிகிச்சைக்கும் இருக்கிறதா?" இரண்டாவது பாதியை விட்டுவிடாதீர்கள். இதய சிகிச்சைக்கு மட்டும் திட்டத்தில் சேர்ந்துவிட்டு, புற்றுநோய்க்குச் சேராத மருத்துவமனை இருக்கலாம்.

திட்டத்துக்கு எல்லைகள் உண்டு. ஒவ்வொரு சிகிச்சைக்கும் இவ்வளவு என்று தொகை நிர்ணயித்திருக்கிறார்கள். புதிதாக வந்திருக்கும் இம்யூனோதெரபி ஊசிகள் பெரும்பாலும் அதற்குள் அடங்குவதில்லை. பயணம், சாப்பாடு, தங்குமிடம், துணைக்கு வருபவர் இழக்கும் கூலி ஆகியவை எந்த அட்டையிலும் வராது. எலும்பு மஜ்ஜை மாற்று போன்ற பெருஞ்செலவுச் சிகிச்சைகளுக்குத் தனி நிதி இருக்கிறது. அதைக் கேட்டு வாங்க வேண்டும்.

வருமான வரம்பைத் தாண்டியவர்கள் உடனே இணையப் பக்கத்துக்கு ஓட வேண்டாம். சம்பளச் சீட்டை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். அதில் இஎஸ்ஐ என்று 0.75 சதவீதம் பிடித்திருந்தால் உங்களிடம் ஒரு பெரிய காப்பீடு இருக்கிறது. மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ள தொழிலாளர்களுக்கான திட்டம் இது. மனைவி, கணவர், பிள்ளைகளோடு, உங்களை நம்பியிருக்கும் பெற்றோருக்கும் பொருந்தும். இஎஸ்ஐ மருத்துவமனையில் புற்றுநோய்ச் சிகிச்சை இல்லாவிட்டால் அவர்களே வேறு மருத்துவமனைக்கு எழுதிக்கொடுப்பார்கள். தொழிலாளிக்கே புற்றுநோய் என்றால், தொடர்ந்து வேலையில் இருந்து சந்தா கட்டியவருக்கு நீட்டித்த நோய்க்காலப் பயன் என்ற பெயரில் ஊதியத்தில் 80 சதவீதம் வரை, இரண்டு ஆண்டு வரைகூடக் கிடைக்கும். திருப்பூர் பனியன் கம்பெனியில் பதினைந்து வருடம் வேலை பார்த்த ஒருவரின் மகன் எனக்குப் போன் செய்தபோது, பக்கத்துக்கான படமும் வாசகமும் தயாராக இருந்தன. இஎஸ்ஐ அட்டையைப் பற்றி அதுவரை யாரும் அவர்களிடம் கேட்கவே இல்லை. வேலை பார்த்த காலத்தில் பிடித்த பிஎஃப் பணத்திலிருந்து நோய்ச் செலவுக்கு முன்பணம் எடுக்கவும் வழி உண்டு. அது உங்கள் சொந்தப் பணம். யாருக்கும் நன்றி சொல்ல வேண்டியதில்லை.

பிரதமர் நிவாரண நிதியில் புற்றுநோய்க்கு உதவி கிடைக்கும். செலவில் ஒரு பகுதிதான் வரும், அதுவும் மருத்துவமனைக்கே போகும். நாடாளுமன்ற உறுப்பினரின் பரிந்துரைக் கடிதத்தோடு அனுப்பினால் நல்லது. வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு மத்திய சுகாதார அமைச்சகத்தின் நிதி ஒன்று மண்டலப் புற்றுநோய் மையங்கள் வழியாக வருகிறது. இரண்டுக்கும் விண்ணப்பித்துவிட்டு, அவற்றை நம்பிக் கீமோவை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.

தொகையே குறையுமா என்று பாருங்கள்

எட்டு லட்சம் திரட்டுவது எப்படி என்று யோசிக்கும் குடும்பம், அது ஏன் எட்டு லட்சம் என்று கேட்பதில்லை. கேட்கப் பயமாக இருக்கிறது. டாக்டர் கோபித்துக்கொண்டால் என்ன செய்வது என்ற பயம். நல்ல மருத்துவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

தமிழ்நாட்டுக்காரர்களுக்கு இந்த விஷயத்தில் ஒரு கொடுப்பினை உண்டு. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954இல் 12 படுக்கைகளோடு தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனை லாப நோக்கமில்லாமல் நடக்கிறது. கட்ட முடியாதவர்களுக்கு இலவசமாகவோ குறைந்த கட்டணத்திலோ சிகிச்சை தருவதை டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும் டாக்டர் சாந்தாவும் அதன் வழக்கமாகவே ஆக்கினார்கள். காஞ்சிபுரத்தை அடுத்த காரப்பேட்டையில் அரசு நடத்தும் அறிஞர் அண்ணா நினைவுப் புற்றுநோய் மருத்துவமனை 1969இலிருந்து இருக்கிறது. புதுச்சேரி ஜிப்மர் இருக்கிறது. சென்னை, மதுரை, கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் புற்றுநோய்ப் பிரிவுகள் உள்ளன. கூட்டம் இருக்கும், காத்திருக்க வேண்டும், வராந்தாவில் படுக்க வேண்டியும் வரலாம். ஆனாலும் பல புற்றுநோய்களுக்குத் தரப்படும் அடிப்படைக் கீமோ மருந்துகள் இங்கேயும் அங்கேயும் ஒன்றுதான். தனியாரில் அறுவை சிகிச்சையை முடித்துவிட்டு, கீமோவையும் ரேடியேஷனையும் அரசு மருத்துவமனைக்கு மாற்றிக்கொள்ளவும் முடியும். சித்திக்கு நாங்கள் அப்படித்தான் செய்தோம்.

மருந்தில் கேட்க வேண்டிய கேள்வி: "இதே மூலப்பொருளில் வேறு கம்பெனி மருந்து இருக்கிறதா சார்?" மார்பகப் புற்றுநோயில் ஒரு வகைக்குத் தரும் டிராஸ்டுசுமாப் என்ற ஊசிக்கு 2014இலிருந்து இந்தியத் தயாரிப்பு உண்டு. 2019இல் மத்திய அரசு 42 புற்றுநோய் மருந்துகளில் வணிகர் லாபத்தை 30 சதவீதத்துக்கு மேல் போகாமல் கட்டுப்படுத்தியது. பில்லில் உள்ள விலையையும் அட்டைப்பெட்டி விலையையும் வெளிக்கடை விலையையும் ஒப்பிட்டுப் பாருங்கள். விலை கூடிய மருந்துகளுக்கு அந்தக் கம்பெனிகளே உதவித் திட்டம் நடத்துவதும் உண்டு. மருத்துவமனையில் மருத்துவ சமூகப் பணியாளர் என்று ஒருவர் இருப்பார். எந்த மருந்துக்கு எங்கே எழுத வேண்டும் என்பது டாக்டரைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். ரயிலில் புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் கட்டணமே கிடையாது, துணைக்குப் போகிறவருக்கு 75 சதவீதச் சலுகை. மருத்துவமனைச் சான்றைக் கவுன்ட்டரில் காட்ட வேண்டும். தூத்துக்குடியிலிருந்து மூன்று வாரத்துக்கு ஒருமுறை சென்னை வரும் குடும்பத்துக்கு இதுவே பெரிய தொகை.

இவ்வளவும் செய்தபின் ஒரு தாளை எடுத்து எழுதுங்கள். மொத்தச் செலவு எவ்வளவு, காப்பீடு தருவது எவ்வளவு, நம்மிடம் இருப்பது எவ்வளவு, மீதி எவ்வளவு. அந்த மீதிக்குத்தான் பிறரிடம் போக வேண்டும். எட்டு லட்சம் என்று தொடங்கிய தாள் ஒன்றரை லட்சத்தில் முடிந்ததை நான் பார்த்திருக்கிறேன். குறையாமல் எட்டு லட்சமாகவே நின்றதையும் பார்த்திருக்கிறேன். அந்த இரண்டாவது குடும்பத்துக்குத்தான் அடுத்த பகுதி.

வாட்ஸ்அப், இணையப் பக்கம், அறக்கட்டளை

ஊர் கூடிப் பணம் தருவது நமக்குப் புதிதல்ல. புதுக்கோட்டை, தஞ்சாவூர் மாவட்டங்களின் கிராமங்களில் ஆடி பிறந்தால் மொய் விருந்து. கறிச்சோறு போட்டு, நோட்டில் பெயர் எழுதி, லட்சக்கணக்கில் வாங்குவார்கள். அவரவர் முறை வரும்போது திருப்பிச் செய்வார்கள். அதில் கொடுப்பவரும் வாங்குபவரும் சமம். இணையப் பக்கத்தில் நோட்டு இல்லை, திருப்பிச் செய்யும் முறை இல்லை. அதனால் முன்பின் தெரியாதவரின் மனத்தை ஒரு படத்தாலும் நான்கு வரியாலும் அசைக்க வேண்டியிருக்கிறது. அந்தச் சுமை நோயாளியின் முகத்தின் மேல் விழுகிறது. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டால் மூன்று வழிகளையும் எடைபோடுவது எளிது.

முதல் வழி, தெரிந்த வட்டம். உறவினர், பள்ளி நண்பர் குழு, அலுவலகம், கோயில் அல்லது சர்ச் அல்லது ஜமாத், தெரு. ஒரு வாட்ஸ்அப் செய்தி, ஒரு ஜிபே எண். கட்டணப் பிடித்தம் கிடையாது, பணம் அன்றே கைக்கு வரும், நோயாளியின் படம் தேவையில்லை. இரண்டு அல்லது மூன்று லட்சம் வரையிலான தேவைக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. ஆபத்து ஒன்று உண்டு. அந்தச் செய்தி வட்டத்தைத் தாண்டி ஃபார்வர்டு ஆகும்போது, யாரோ உங்கள் படத்தை வைத்துக்கொண்டு க்யூஆர் கோடை மட்டும் மாற்றிவிட முடியும். முகம் தெரியாத ஒருவர் அனுப்பிய பணம் மோசடிப் பணமாக இருந்து சைபர் கிரைம் புகார் வந்தால் உங்கள் வங்கிக் கணக்கே முடங்கலாம். கீமோ நாளன்று கணக்கு முடங்கினால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். ஆகவே செய்தியில் "இந்தக் குழுவுக்கு வெளியே அனுப்ப வேண்டாம்" என்று எழுதுங்கள். சம்பளம் வரும் கணக்கைக் கொடுக்காமல் தனிக் கணக்கு ஒன்றைக் கொடுங்கள். பெரிய தொகை தருபவரிடம் மருத்துவமனையின் கணக்குக்கே நோயாளி எண்ணைக் குறிப்பிட்டுக் கட்டச் சொல்லுங்கள். மருத்துவமனைகளுக்கு யுபிஐ வழியாக ஒரே தடவையில் 5 லட்சம் வரை அனுப்ப ரிசர்வ் வங்கி வழிசெய்திருக்கிறது.

இரண்டாவது, நிதி திரட்டும் தளங்கள். பெங்களூருவில் 2010இல் தொடங்கிய மிலாப், மும்பையில் 2012இல் தொடங்கிய கெட்டோ, 2014இல் வந்த இம்பேக்ட் குரு ஆகியவை இந்தியாவில் பலருக்கும் தெரிந்தவை. அமெரிக்காவின் கோஃபண்ட்மீ இந்திய வங்கிக் கணக்குக்குப் பணம் தராது. அங்கே இருக்கும் உறவினர் தன் பெயரில் தொடங்கித் தன் கணக்கில் வாங்கித்தான் அனுப்ப முடியும்.

இந்தத் தளங்களைப் பற்றி நம் ஊரில் ஒரு நம்பிக்கை பரவியிருக்கிறது, போட்டால் வந்துவிடும் என்று. 2021இல் முதுகுத்தண்டுத் தசைச் சிதைவு நோயுள்ள குழந்தைகளுக்கு 16 கோடி ரூபாய் ஊசிக்காக மக்கள் அள்ளிக் கொடுத்த செய்திகள் அந்த நம்பிக்கையை வளர்த்தன. வெற்றி பெற்ற பக்கம் செய்தியாகிறது. பணம் வராத பக்கத்தை யாரும் பார்ப்பதில்லை. அமெரிக்காவில் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016 முதல் 2020 வரை கோஃபண்ட்மீயில் வந்த 4,37,000க்கும் மேற்பட்ட மருத்துவ வேண்டுகோள்களை எண்ணிப் பார்த்து 2022இல் வெளியிட்டார்கள். கேட்ட தொகை முழுவதும் கிடைத்தவை 12 சதவீதத்துக்கும் குறைவு. 16 சதவீதப் பக்கங்களுக்கு ஒரு டாலர்கூட வரவில்லை. மருத்துவக் கடன் அதிகமுள்ள பகுதிகளிலிருந்து வேண்டுகோள்கள் அதிகம் வந்தன, பணம் குறைவாகவே சேர்ந்தது. இல்லாதவரின் நண்பர்களும் இல்லாதவர்களே என்பதுதான் இதன் பொருள். நம் ஊர் பக்கங்களிலும் இதையே பார்க்கிறேன். முதல் மூன்று நாளில் வருவது தெரிந்தவர்களின் பணம். ஓரளவு சேர்ந்திருப்பதைப் பார்த்த பிறகே முன்பின் தெரியாதவர் தருகிறார். ஐந்நூறு பேருக்கு அனுப்பக்கூடிய மகனோ மகளோ வீட்டில் இருந்தால் பக்கம் வேலை செய்யும். இல்லாவிட்டால் பெரும்பாலும் செய்யாது.

பிடித்தங்களைத் தொடங்கும் முன்பே எழுத்தில் கேளுங்கள். தளத்தின் கட்டணம் 5 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். அதன் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. பணப் பரிமாற்றத்துக்கு 2.5 சதவீதம், அதன் மேலும் ஜிஎஸ்டி. லட்ச ரூபாய்க்கு 8,850 ரூபாய் போய் 91,150 கைக்கு வரும். கட்டணமே இல்லை என்று சொல்லும் தளங்களில், தருபவரிடம் டிப்ஸ் கேட்கும் பெட்டி ஏற்கெனவே நிரப்பியிருக்கும். அதைக் கவனிக்காத உங்கள் பெரியப்பா ஆயிரத்துக்கு மேல் நூறோ நூற்றைம்பதோ தளத்துக்குத் தந்துவிட்டு, எல்லாம் பிள்ளைக்குப் போகிறது என்று நினைத்துக்கொண்டிருப்பார். தளம் நடத்தச் செலவு இருக்கிறது, அதை வாங்குவது குற்றமல்ல. தருகிறவருக்குத் தெரிந்து வாங்க வேண்டும். செய்தியிலேயே "டிப்ஸ் பகுதியைப் பார்த்துவிட்டுக் கட்டுங்கள்" என்று ஒரு வரி சேருங்கள்.

விளம்பரம்தான் பெரிய விஷயம். பக்கம் மெதுவாகப் போனால் தளத்திலிருந்து ஒருவர் போன் செய்து, முகநூலிலும் யூடியூபிலும் நாங்களே விளம்பரம் தருகிறோம், ஒரு வீடியோ அனுப்புங்கள் என்பார். அந்த விளம்பரச் செலவு திரண்ட பணத்திலிருந்து கழியுமா, எத்தனை சதவீதம், நிறுத்தச் சொன்னால் நிறுத்துவார்களா என்று மின்னஞ்சலில் பதில் வாங்காமல் சம்மதிக்காதீர்கள். இந்திய விளம்பரத் தரக் கவுன்சில் 2023இல் இத்தகைய விளம்பரங்களுக்கு நெறிமுறை வெளியிட்டது. துன்பத்தில் இருப்பவரின் மானத்தைக் குலைக்கும் படங்கள் கூடாது என்கிறது அது. எங்களிடமும் "இன்னும் கொஞ்சம் சோகமா ஒரு போட்டோ இருக்குதா?" என்று கேட்டார்கள். மொட்டைத் தலையோடு படுத்திருந்த சித்தியைப் படம் எடுத்து அனுப்பினேன். அவரிடம் கேட்கவில்லை. சிகிச்சை முடிந்து முடி வளர்ந்து அவர் தையல் கடையைத் திறந்த பிறகு, ஒரு வாடிக்கையாளர் தன் போனில் அந்தப் படத்தை அவரிடமே காட்டினார். சித்தி என்னை ஒன்றும் சொல்லவில்லை. அன்றிலிருந்து நான் எல்லாரிடமும் சொல்வது: நோயாளியிடம் கேட்காமல் பக்கம் தொடங்காதீர்கள். பழைய நல்ல படம் ஒன்று போதும். குழந்தை என்றால், பத்து வருடம் கழித்து அதன் வகுப்புத் தோழர்கள் பார்ப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு படத்தைத் தேர்ந்தெடுங்கள்.

பணம் மருத்துவமனைக்கு நேராகப் போக வேண்டுமா, உங்கள் கணக்குக்கா என்று தளம் கேட்கும். மருத்துவமனை என்று சொல்லுங்கள். தெரியாதவரின் நம்பிக்கை அதனால் கூடும், பக்கத்தில் அதை எழுதினால் இன்னும் கூடும். அறை வாடகைக்கும் பேருந்துக்கும் தேவைப்படும் பணத்தைத் தெரிந்த வட்டத்திடம் தனியாகக் கேளுங்கள். இரண்டையும் கலந்தால் பின்னால் கணக்கு சொல்வது கஷ்டம்.

மூன்றாவது, பதிவுபெற்ற அறக்கட்டளைகள். மருத்துவமனையோடு சேர்ந்து இயங்குபவையும் உண்டு, தனித்து இயங்குபவையும் உண்டு. விண்ணப்பம், வருமானச் சான்று, வீட்டுக்கு வந்து விசாரிப்பது என்று நாளாகும். முழுத் தொகையும் தர மாட்டார்கள். ஆனால் உங்கள் படத்தைக் கேட்க மாட்டார்கள். தொழில் செய்பவர்கள் நன்கொடை தரும்போது 80ஜி ரசீது கேட்பார்கள். தனிமனிதரின் பக்கத்துக்குத் தரும் பணத்துக்கு அந்த வரிவிலக்கு கிடையாது, அந்த அங்கீகாரம் பெற்ற அறக்கட்டளைக்குத் தந்தால் உண்டு. பெரிய தொகை தரக்கூடியவர் ஒருவர் உங்களுக்குத் தெரிந்தவராக இருந்தால், அவரை அறக்கட்டளை வழியாகத் தரச் சொல்வதே இருவருக்கும் நல்லது.

வரியை இங்கேயே சொல்லிவிடுகிறேன், யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. உறவினர் அல்லாதவர்களிடமிருந்து ஓர் ஆண்டில் மொத்தம் 50,000 ரூபாய்க்கு மேல் பணமாக வாங்கினால் அந்தத் தொகை முழுவதும் வருமானக் கணக்கில் வரும். சட்டத்தின் பார்வையில் பெரியப்பா மகனும் ஒன்றுவிட்ட தங்கையும் உறவினர் அல்லர். பதிவுபெற்ற அறக்கட்டளை தரும் உதவிக்கு விலக்கு உண்டு. மொத்த வருமானம் வரி வரம்புக்குள் இருந்தால் கட்ட வேண்டியது எதுவும் இராது. ஆனாலும் லட்சங்கள் வந்த ஆண்டில் ஓர் ஆடிட்டரைப் பார்த்துவிடுங்கள். மருத்துவமனைப் பில்கள் எல்லாவற்றையும் ஒரு கோப்பில் வையுங்கள். வெளிநாட்டுக் குடியுரிமை பெற்றவர் தரும் பணத்துக்கு வேறு சட்டம் பொருந்தலாம். அங்கிருந்து பெருந்தொகை வருவதாக இருந்தால் முதலிலேயே ஆடிட்டரிடம் கேளுங்கள்.

யாருக்கு எது

அட்டை உண்டு, நோய்க்கு வழக்கமான சிகிச்சைதான் என்றால் இணையப் பக்கம் வேண்டாம். திட்டத்தில் உள்ள மருத்துவமனை, வழிச்செலவுக்குத் தெரிந்த வட்டம், அவ்வளவு போதும்.

மாதம் முப்பது, நாற்பதாயிரம் வருமானம், இஎஸ்ஐ இல்லை, தனியார் காப்பீடு இல்லை. இவர்கள்தான் நடுவில் மாட்டிக்கொண்டவர்கள். ஏழை என்று எந்த அலுவலகமும் ஒப்புக்கொள்ளாது, எஸ்டிமேட் தாளைத் தாங்கவும் முடியாது. முதலில் அடையாறு, ஜிப்மர் போன்ற இடத்துக்கு மாறிச் செலவைக் குறையுங்கள். அதன் பிறகும் நிற்கும் தொகைக்கு இணையப் பக்கம் தொடங்குங்கள். தயங்க வேண்டாம், இந்த ஏற்பாடு உங்களைப் போன்றவர்களுக்குத்தான். ஒரே மூச்சில் எட்டு லட்சம் கேட்பதைவிட, அடுத்த மூன்று கீமோவுக்கு இவ்வளவு என்று கேளுங்கள். காப்பீடு ஏன் கிடைக்கவில்லை என்பதையும் நீங்கள் போட்டது எவ்வளவு என்பதையும் எழுதுங்கள். மருத்துவமனைக் கடிதத்தை இணையுங்கள், நோயாளியின் ஆதார் எண்ணை மறைத்துவிட்டு. ஒவ்வொரு பில்லுக்குப் பிறகும் நான்கு வரி எழுதுங்கள். கொடுத்தவர் இரண்டாம் முறை கொடுப்பது அந்த நான்கு வரியைப் படித்துத்தான்.

குழந்தைக்கு ரத்தப் புற்றுநோய் என்றால் சிகிச்சை இரண்டு, மூன்று ஆண்டு போகும். முதல் மாதத்தில் பொங்கி வரும் பணம் ஆறாவது மாதம் வற்றிவிடும். இதற்கு அறக்கட்டளை, மாதம் ஐந்நூறு ரூபாய் தொடர்ந்து தரும் இருபது பேர் ஆகிய இரண்டும்தான் தாங்கும். அந்த இருபது பேரை முதல் மாதத்திலேயே கேட்டுப் பிடித்துவிடுங்கள்.

நோய் திரும்பி வந்து, மாதத்துக்கு லட்சங்கள் ஆகும் ஊசியை டாக்டர் சொன்னால், பக்கம் தொடங்கும் முன் அவரிடம் தனியாக உட்கார்ந்து கேளுங்கள். இது குணமாக்குமா, நாளைக் கூட்டுமா, எத்தனை பேருக்குப் பயன் தந்திருக்கிறது? இதைக் கேட்பது அன்பு குறைந்ததால் அல்ல. "இந்த ஊசி போட்டால் அப்பா பிழைத்துவிடுவார்" என்று பக்கத்தில் எழுதிவிட்டு, அது நடக்காதபோது குற்ற உணர்வில் உடைந்துபோன ஒரு மகளை எனக்குத் தெரியும். வலியைக் குறைத்து வீட்டில் நிம்மதியாக வைத்துப் பார்த்துக்கொள்ளும் சிகிச்சைக்கு அவ்வளவு செலவாகாது. அதைத் தேர்ந்தெடுக்கும் குடும்பம் கைவிட்டுவிட்டது என்று யாரும் சொல்ல விடாதீர்கள். பக்கத்தில் மீதிப் பணம் இருக்கும்போது நோயாளி இறந்துவிட்டால் அது எங்கே போகும் என்பதையும் தொடக்கத்திலேயே எழுதுங்கள். "மீதி இருந்தால் இதே வார்டில் உள்ள இன்னொருவருக்கு" என்ற ஒரு வரி போதும். எழுதக் கை நடுங்கும். எழுதிய குடும்பங்கள் பின்னால் அதற்காக நிம்மதிப்பட்டதைப் பார்த்திருக்கிறேன்.

கொடுக்கும் இடத்தில் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. வாட்ஸ்அப்பில் வந்த படத்தைப் பார்த்து உடனே அனுப்பிவிடாதீர்கள். மருத்துவமனைக்குப் போன் செய்து நோயாளி எண்ணைச் சொல்லிக் கேட்டுவிட்டு, அங்கேயே கட்டுங்கள். பணமே தர முடியாதவர் ஒரு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு அந்தக் குடும்பத்தோடு ஆட்சியர் அலுவலகத்துக்கோ இஎஸ்ஐ அலுவலகத்துக்கோ போய் வந்தால், அது பல ஆயிரம் ரூபாய் தந்ததற்குச் சமம். முகம் தெரியாத ஒருவருக்குத் தருவதைவிட எல்லாருக்கும் பயன்படும்படி தர விரும்புகிறவர்கள் மருத்துவமனைக்கே தரலாம். 2016இல் இலங்கை மக்கள் சேர்ந்து மகரகம புற்றுநோய் மருத்துவமனைக்குப் பெட் ஸ்கேன் இயந்திரம் வாங்க 20 கோடி இலங்கை ரூபாய் திரட்டினார்கள். அங்கே ஸ்கேனுக்குப் போகிற எந்த நோயாளியும் தன் படத்தை யாருக்கும் அனுப்ப வேண்டியிருக்கவில்லை.

பக்கத்தின் வேலை முடிந்ததும் அதை மூடச் சொல்லி, படங்களை நீக்கச் சொல்லித் தளத்துக்கு எழுதுங்கள். தானாக மூடாது, தானாக நீங்காது.

இன்று உங்கள் வீட்டில் நோயாளி யாரும் இல்லாமல் இருக்கலாம். இருந்தாலும் இன்று இரவே அலமாரியில் ரேஷன் கார்டை எடுத்து, அதோடு காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்று பாருங்கள். தகுதி இருந்தும் அட்டை இல்லையென்றால், இந்த வாரமே போய் எடுத்துவிடுங்கள்.